சாஸ்தாவுக்குப் போட்ட புளியமுத்து

எந்த இடம் எங்களுக்கு என்ன தருகிறது என்று வரைபடம் போடத் தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஸ்னேகா, பஞ்சாயத்துக் கட்டடத் தரையில் எங்கள் ஊரையே ஒரு பெரிய தாளில் விரித்துவிட்டாள். ஆளுக்கு ஒரு கை புளியமுத்து, புளியங்கொட்டைதான். எந்த இடத்தால் பலனோ அங்கே வைக்க வேண்டும். நான் விடுவேனா? குளத்தில் வைத்தேன், கால்வாயில் வைத்தேன், என் எருமை புரளும் சகதியில்கூட வைத்தேன்.

முடிந்ததும் பார்த்தால் சாஸ்தா கோயில் தோப்பு மட்டும் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

"பலனில்லாத இடம்னு பதிவாயிரும் முத்துராணிக்கா," என்றாள் ஸ்னேகா. "நெல்லுக் களம் போட அப்படி ஒரு இடந்தான் தேடுதாங்க. ஆபீசுல இந்தத் தாளைத்தான் பாப்பாங்க."

களம் போட்டால் தோப்பை வெட்டிவிடுவார்கள். அங்கே மருத மரங்கள் நிற்பதால்தான் பக்கத்திலிருக்கும் என் கிணறு சித்திரையிலும் வற்றுவதில்லை. மரம் போனால் கிணறு போச்சு, என் வெண்டைக்காய்த் தோட்டமும் போச்சு.

"அங்க எப்படித் தாயி முத்து வைக்க?" என்றார் பூசை வைக்கும் அம்மையப்பன் மாமா. "சாஸ்தா இடத்துல சுள்ளிகூட எடுக்கக் கூடாது. வச்சா, எடுத்தேன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரில்லா."

அதுதானே. என் கையும் அங்கே போய்த் திரும்பியது அதனால்தான்.

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்," என்று மாமா வேறு ஆறுதல் சொன்னார்.

"வெட்ட வாறவன் ரம்பம்லா கொண்டு வருவான்," என்றேன். வந்த கோபத்தில் சாமியையும் சேர்த்துத் திட்டினேன், மனசுக்குள்தான். "தாளைச் சுருட்டு புள்ள. தோப்புக்கே போவோம்."

சாஸ்தா முன்னால் தாளை விரித்து, மடியில் அள்ளி வந்த முத்துகளைப் பழையபடியே வைத்தோம்.

"எடுத்ததுக்கு வைக்க வேண்டாம் மாமா. காணிக்கையா வைப்போம். அது குத்தமா?" என்றேன்.

மாமா யோசித்தார். பிறகு திருநீறு பூசிக்கொண்டு, முதல் முத்தைப் பைய வைத்தார்.

"எதுக்குன்னு சாமிட்ட சொல்லி வைங்க," என்று ஸ்னேகா பேனாவைத் திறந்தாள். தேனுக்கு என்றார்கள், நிழலுக்கு என்றார்கள். கிணற்றுத் தண்ணிக்கு என்று நான் சத்தமாகவே சொன்னேன். கைமுத்து தீர்ந்தவர்கள் குளத்தில் வைத்ததையும் கால்வாயில் வைத்ததையும் எடுத்துச் சாஸ்தாவுக்கே போட்டார்கள்.

"ஐயோ அக்கா, இப்பக் குளத்துக்குப் பலனில்லாமப் போச்சே," என்று ஸ்னேகா தலையில் கை வைத்தாள்.

போட்ட காணிக்கையைத் திரும்ப எடுக்க யாரும் தயாரில்லை. நான் வீட்டுக்குப் போய், வருசத்துக்கு வாங்கி வைத்திருந்த புளியை முன்னால் கொட்டிக்கொண்டு, குளத்துக்காகக் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது.