மாமனாருக்கு இன்னொரு கம்பு

1

இந்தக் கதை எனக்கு மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. இதைவிடப் பெருமையான பிறப்பு அதற்கு இல்லை. தூண்டில் கம்பு செய்து விற்கிற ஒரு கடை வாசல். உள்ளே ஒரு பெண், வளையங்களை டேப் போட்டு ஒட்டிய கம்பின் நுனியில் எடையைத் தொங்கவிட்டு, கம்பு வளைகிற வாகைப் பார்த்துப் பார்த்து அவற்றை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் ஃபோனில் யாரிடமோ, "கம்புல ஒரு கோளாறும் இல்ல மாமா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மழை விட்டதும் நான் கிளம்பிவிட்டேன். அந்த மாமா யார், கம்பில் இல்லாத கோளாறு வேறு எதில் என்பதெல்லாம் நானாகக் கட்டியது. நன்றாகவே கட்டியிருக்கிறேன், தைரியமாகப் படியுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அலைகள் கரையோடு ரகசியம் பேசிய ஒரு மாலைப்பொழுதில், அவள் தன் மெல்லிய விரல்களால்"

போதும். அலை பேச ஆரம்பித்தால் மனுஷர்கள் வாயைத் திறக்க முடியாது. தவிர, கடை இருப்பது சந்துக்குள். எதிரே டயர் கடை. அங்கே காற்றடிக்கிற சத்தம்தான் நாள் பூராவும் கேட்கும்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரையாகப் போய்விட்டது. அதில் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன், இது தெரியாமல் கதை நகராது. கையால் தூண்டில் கம்பு செய்கிறவர்கள் பாகங்களைத் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். முதலில் வெறும் கம்பு, கார்பனிலோ கண்ணாடி இழையிலோ. பிறகு நூல் ஓட வளையங்கள், நூல் சுற்றிய ரீலைப் பூட்ட ஒரு இருக்கை, பிடிக்கத் தக்கையில் கைப்பிடி. எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் மூளை வேலை. ஆள் யார், எங்கே நின்று வீசுவார், கை எவ்வளவு நீளம், கம்பின் அடி முழங்கையில் இடிக்குமா. எல்லாம் கேட்டு முடித்த பிறகும் இந்தத் தொழிலில் எல்லாரும் சத்தியம் மாதிரி நம்புவது ஒன்று உண்டு: கனம் குறையக் குறைய நல்ல கம்பு. மெல்லிசான, விறைப்பான கார்பன், சின்ன வளையம். மீன் இரையை மோந்து பார்த்தாலே உள்ளங்கைக்குச் சேதி வந்துவிடும்.

(கட்டுரை முடிந்தது. பரீட்சை எல்லாம் வைக்க மாட்டேன்.)

3

கம்புக்காரி கெட்டிக்காரி. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அவளுடைய மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரும்புப் பெட்டியை லாரி மேல் சத்தமே கேட்காமல் உட்கார வைத்த கை என்று அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். மாமியார் போன பிறகு மனுஷர் வீட்டை விட்டு இறங்குவதே துறைமுகத்துத் தடுப்புச் சுவரில் கூட்டாளிகளோடு தூண்டில் போடத்தான். "என் மருமக கட்டினதுடா" என்று அங்கே கம்பைத் தூக்கிக் காட்டிக் காட்டியே கடைக்கு முதல் வாடிக்கையாளர்களைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

இப்போது அதே வாய் வேறு மாதிரி பேசுகிறது.

"கம்பு பொய் சொல்லுதும்மா. மீனே இல்ல, ஆனா கடிச்ச மாதிரியே காட்டுது. சுண்டி இழுத்தா ஒண்ணுமில்ல. அவனுங்க சிரிக்கிறானுங்க."

கம்புக்காரி அதை வாங்கி வைத்துக்கொண்டு, அதைவிட மெல்லிசான கார்பனில் வேறு கட்டிக் கொடுத்தாள். அதுவும் பொய் சொன்னது. அடுத்ததில் வளையங்களைக்கூட இன்னும் சின்னதாகப் போட்டாள். அது புளுகியே தள்ளியது.

"அவளுக்கு ஆர்டர் சேர்ந்துபோச்சு, முன்ன மாதிரி கவனம் இல்ல" என்று மாமனார் சுவரில் சொன்னது ஒருவர் வாய் மாறி ஒருவர் வாயாகக் கடைக்கே வந்து சேர்ந்தது. வழக்கமாக அவளிடம் வாங்குகிற இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். சொன்னது மாமனாராயிற்றே. வெளியாள் சொல்லியிருந்தால் ஊதித் தள்ளியிருப்பாள்.

4

இந்த இடத்தில் மாமனார் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவர் சுத்தக் குதர்க்கம் பிடித்த ஆள். மருமகளை மட்டம் தட்டுவதே வேலை. எழுதச் சுலபமாக இருந்தது, படிக்கச் சகிக்கவில்லை. அப்படிப்பட்டவர் ஏன் திரும்பத் திரும்ப அவளிடமே வந்து கம்பு கேட்கிறார்? வேறு கடை இல்லையா? அதனால் அவரை ஒரு பகல் பொழுதில் கடைக்கு வரவழைத்தேன்.

வந்தார். கடைசியாகக் கட்டிய கம்பை நீட்டிப் பிடித்தார். கடைச் சுவர்ப் பக்கம் நீண்ட நுனி படபடவென்று ஆடியது.

"பாரு, உள்ள இருக்கும்போதே காத்துக்கு எப்படி ஆடுதுன்னு."

கம்புக்காரி மேலே பார்த்தாள். ஃபேன் ஓடவில்லை.*

பிறகு அவர் கையைப் பார்த்தாள். ஆடியது அதுதான். கனத்தைக் குறைக்கக் குறைக்க, அவர் கையின் நடுக்கத்தை மீன் கடி மாதிரி அவருக்கே திருப்பிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய தொழில் சுத்தம்தான் அவரைச் சுவரில் கேலிப் பொருளாக்கியிருக்கிறது.

"வச்சிட்டுப் போங்க மாமா. வேற கட்டித் தரேன்," என்றாள்.

* முதல் வரைவில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

5

அன்று சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள்.

"தெரியும்," என்றான் அவன். "டீயைப் பாதி டம்ளர்தான் ஊத்தச் சொல்றாரு, கவனிச்சியா?"

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு, நானா? ஆளை விடு." அடுத்த கவளத்தைப் பிசைந்தான். "சொன்னா அன்னிக்கே கம்பை மூலையில வச்சிட்டு டிவி முன்னாடி உக்காந்துடுவாரு. அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டாரு. நீ பேசாம ஏதாவது பண்ணிக் குடு."

ஏதாவது பண்ணுவது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை. தான் நம்பின எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தால் போதும். அலமாரியின் அடியில் தூசி படிந்து கிடந்த கண்ணாடி இழைக் கம்பை எடுத்தாள். மந்தமான, சொன்ன பேச்சை மெதுவாகக் கேட்கிற கம்பு. பெரிய வளையங்கள் போட்டாள். விரல்கள் நிறைந்து உட்காரும்படி தடிமனான கைப்பிடி செதுக்கினாள். அடிப்பக்கக் குழிக்குள் ஈயத்தை இறக்கி மூடினாள். பழைய கம்புகளில் வளையங்களைக் கட்டிய அதே நீல நூலைச் சுற்றினாள். தூக்கிப் பார்த்தபோது அசிங்கமாக இருந்தது. தன் பெயரைப் போட்டு இப்படி ஒன்றை விற்கவே மாட்டாள். ஆனால் அவர் கைக்கு இதைவிடப் பொருத்தமாக எவரும் கட்ட முடியாது என்பதும் தெரிந்தது.

6

முடிவு ஒன்று. அவள் வாயைத் திறக்கவில்லை. கம்பு ஆடவில்லை. மாமனார் பெரிய மீனாகப் பிடிக்கிறார். "இப்பத்தான்டா ஒழுங்கா கட்டியிருக்கா" என்று சுவர் பூராவும் சொல்லுகிறார். போன வாடிக்கை திரும்பி வருகிறது.

இதை எழுதிவிட்டு என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. அப்படியானால் அவள் கட்டியதிலேயே நல்ல கம்புகள் எல்லாம் மட்டம் என்று தீர்ப்பாகிவிடுகிறதே? மாமனார் முகத்துக்காக அதை அவள் விழுங்கலாம். நான் விழுங்க மாட்டேன்.

முடிவு இரண்டு. அவள் சொல்லிவிடுகிறாள். அவர் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே

இல்லை. கிரேன் ஓட்டினவர் எதையும் எறிய மாட்டார்.

7

மாமனார் வந்து கம்பைத் தூக்கினார். நீட்டிப் பிடித்தார். நுனி சும்மா நின்றது.

"அடியில கனமா இருக்கே?"

"ஈயம் வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

["பேலன்ஸுக்கு மாமா" என்று எழுதி வைத்திருந்தேன். லட்சணமான பொய். அவள் அதைச் சொல்லவில்லை.]

"உங்க கை நடுங்குது மாமா. அதான் மீன் கடிக்கிற மாதிரி இருந்திருக்கு."

எதிர்க் கடையில் காற்றடித்தார்கள். மாமனார் கம்பை மெதுவாக இறக்கினார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்போ முன்னாடி குடுத்ததெல்லாம்?"

"நல்ல கம்பு மாமா. எல்லாமே."

"நான் அங்க அவனுங்க எல்லார்கிட்டயும்..."

(இது நான் பாதியில் விட்ட வாக்கியம் இல்லை. அவர் விட்டது.)

கம்பை இன்னொரு தடவை தூக்கி இறக்கினார். "இதுல மீன் கடிச்சா தெரியுமா?"

"கொஞ்சம் லேட்டாத் தெரியும். சின்ன மீன் கடிச்சா தெரியவே தெரியாது."

"சரி." கம்பை உறையில் போட்டார். அதற்கே நேரம் ஆனது, அவள் உதவிக்குப் போகவில்லை. "கடையைச் சாத்திட்டு வா. சுவர் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"நான் எதுக்கு மாமா?"

"வாம்மா."

8

தடுப்புச் சுவரில் கூட்டாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் உறையிலிருந்து புதுக் கம்பை எடுத்தார். மீன் மார்க்கெட்டில் கணக்கெழுதிய ஒல்லியான மனிதர்தான் முதலில் திரும்பினார்.

"என்னய்யா, மருமக மறுபடியும் கட்டிக் குடுத்துட்டாளா? இதாவது தேறுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் பெயரை மீட்க அவரிடம் ஒரே வழிதான் உண்டு, அதற்கு அவர் தன் நடுங்குகிற கையை இவர்கள் முன்னால் நீட்டிக் காட்ட வேண்டும். தேறும் என்று சொல்லிவிட்டு இரையைக் கோக்கவும் செய்யலாம். யாரும் மேற்கொண்டு கேட்கப் போவதில்லை.

அவருடைய பதிலை நான் எழுதவில்லை. தெரியாமல் இல்லை, என்னால் நாலு விதமாக எழுத முடியும், நாலும் நன்றாகவே வரும். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார், அவர் இந்த இடத்தில் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அதையே எழுதிக்கொள்ளுங்கள். கம்புக்காரி அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள். அதை மட்டும் மாற்றாதீர்கள்.