ஜட்ஜின் விழித்திரைக்கு ஒரு தேர்வு

எங்கள் ஆய்வு நிலையத்தில் கீழ்த்தளம் விலங்குகளின் கண்களுக்கு. அது என் மனைவியின் ராஜ்யம். அவள் கால்நடைக் கண் மருத்துவர். மேல்தளம் மனிதர்களுக்கு. அங்கே விழித்திரையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் டெக்னீஷியன் நான். இரண்டு தளங்களிலும் துரத்துவது ஒரே எதிரியைத்தான். விழித்திரையைச் சிறுகச் சிறுக அரித்துவிடும் பரம்பரை நோய்க்கு மனிதன், நாய் என்ற பேதமெல்லாம் கிடையாது.

அந்த வாரம் அவளுடைய பதிவு இயந்திரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் ஜட்ஜ் மேலே வந்தது.

ஜட்ஜ் ஒரு கறுப்பு வழிகாட்டி நாய். தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரு தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் நகரும் என்பதால் அந்தப் பெயர். அதன் எஜமானர் கணக்கு வாத்தியார். நான் சொன்ன அதே நோய் முப்பது வயதுக்குள் அவருடைய பார்வையை எடுத்துக்கொண்டது. இப்போது ஜட்ஜோடு ஒரே ஈற்றில் பிறந்த நாய் ஒன்றுக்கும் அந்த நோய் வந்திருப்பதாகத் தெரிய, பயிற்சி நிலையம் கறாராகச் சொல்லிவிட்டது: பரிசோதனையில் தேறினால் ஜட்ஜ் வேலையில் இருக்கலாம், தேறாவிட்டால் திரும்ப அழைத்துக்கொள்வோம்.

"தேர்வு வெச்சே பழகினவன் நான்," என்றார் வாத்தியார். "இன்னிக்கு வெளியே உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறேன்."

இந்தப் பரிசோதனை எனக்கு எத்தனை முறை செய்தாலும் அலுக்காது. விழித்திரையில் வெளிச்சம் பட்டால் அது மிகச் சின்ன மின்சாரத்தை உண்டாக்கும். கண்ணின் மேல் ஒரு மெல்லிய லென்ஸை வைத்தால் அதன் விளிம்பிலுள்ள உலோக வளையம் அந்த மின்சாரத்தைப் பிடித்துத் திரையில் அலையாகக் காட்டும். நோய் முதலில் கைவைப்பது மங்கலில் பார்க்க உதவும் குச்சிச் செல்களில். அவை சுறுசுறுப்பாக வேண்டுமானால் கண் இருட்டில் ஊற வேண்டும். வெயிலிலிருந்து சினிமா கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் யார் மடியிலாவது உட்காரப் போய், பத்து நிமிடத்தில் வரிசை எண்ணெல்லாம் தெரிகிறதே, அதேதான். அதுவரை மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு அந்தச் செல்களை அவ்வளவாக எழுப்பாது.

மனைவி ஜட்ஜுக்குச் சொட்டு மருந்து விட்டு, லேசான மயக்க ஊசி போட்டு, நாக்கில் ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கிளிப்பையும் மாட்டினாள். அதற்குள் கீழே கண்ணில் முள் குத்திய குதிரை ஒன்று வந்து நின்றது.

"இருபது நிமிஷம் இருட்டு. அப்புறம் எடுங்க. மனுஷங்களுக்கு எடுக்கற மாதிரியேதான்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மனிதர்களுக்கு எடுப்பது மாதிரியே எடுத்தேன். இமைகளை விலக்கினேன். கறுப்பு நாய், கறுப்புக் கண், அழுது வடியும் சிவப்பு வெளிச்சம். ஈரமாகப் பளபளத்த இடத்தில் லென்ஸை வைத்து மின்னல்போல ஒரு நொடி வெளிச்சம் கொடுத்தேன். கோடு அசையவில்லை. இன்னொரு கண்ணிலும் அதே கதை. காற்றில்லாத குளம் மாதிரிப் படுத்துக் கிடந்தது.

வெளியே வந்து தொண்டையைச் செருமினேன்.

"ஃபெயிலா?" என்றார் வாத்தியார்.

"நான் இன்னும் வாயே திறக்கலையே சார்."

"அதான் கேக்கறேன். பாஸானவன் செரும மாட்டான்."

மறைக்க முடியவில்லை. "அலை வரலை சார்," என்றேன்.

நகத்தை விட்டுக் கையை இறக்கினார். பிறகு, வகுப்பில் தப்பான விடையைப் பார்த்தவர் போல், "இது உதைக்குதே," என்றார். "எனக்கும் முதல்ல போனது இருட்டுப் பார்வைதான். பொழுது சாஞ்சா வாளி, ஸ்டூல், கதவு, எல்லாமே என்னை வந்து இடிக்கும். இவன் அப்படி இல்லையே. நேத்து சாயங்காலம் பள்ளிக்கூடத்துல கரண்ட் போச்சு. நடைபாதையில பெயின்ட்காரங்க ஏணியைச் சாய்ச்சு வெச்சிருந்தாங்க. இவன் நின்னு, ஏணியைச் சுத்தி என்னைக் கூட்டிட்டுப் போனான். பின்னாடி டார்ச்சோட வந்த வாட்ச்மேன்தான் போய் முட்டிக்கிட்டார்."

கடைசி வாக்கியத்தின்போது மனைவி கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"ஏணி எப்போலேர்ந்து அங்க இருக்கு?"

"நேத்துதான் டாக்டர். அதுவும் சாயங்காலம்தான்."

"அப்போ பழக்கத்துல போகலை, பார்த்துதான் போயிருக்கான்." என் பக்கம் திரும்பினாள். "மெஷின் சரியில்லை."

"காலையில மூணு பேருக்கு எடுத்தேன். தங்கமா வேலை செஞ்சுது."

"அப்போ நீங்க சரியில்லை. வாங்க."

இருட்டறைக்குள் குனிந்தவள் அப்படியே நின்றாள். "ஏங்க, லென்ஸை எங்க வெச்சீங்க?"

"கண்ணு மேலதான்."

"இது கண்ணா? கதவுங்க, கதவு! கதவுக்கு டெஸ்ட் எடுத்திருக்கீங்க."

நாய்க்கு மூக்கோரத்தில் மூன்றாவதாக ஓர் இமை உண்டு. விழித்திருக்கும்போது அது மூலையில் சமர்த்தாக மடங்கிக் கிடக்கும். மயக்கத்தில் கண் கீழ்நோக்கி உருள, அந்த இமை திரைபோல ஏறிக் கண்மணியை மூடிவிடும். கீழ்த்தளத்தில் இது பாலபாடம். இரண்டே இமைகளோடு குப்பை கொட்டும் மேல்தளத்தில் யாருக்குத் தெரியும்?

"மனுஷங்க மாதிரியேன்னு சொன்னது யாரு?" என்றேன்.

"நான்தான். மனுஷனுக்கு மூணாவது இமை இல்லைங்கறது எனக்கு மறந்துபோச்சு. போதுமா? பிடிங்க இதை."

அவள் சிறு இடுக்கியால் இமையை விலக்கிக் கண்ணை மேலே திருப்பினாள். முன்பு கொடுத்த மின்னல்களின் தாக்கம் தணிய இன்னும் கொஞ்சம் இருட்டு வேண்டியிருந்தது. வாத்தியாரும் உள்ளே வந்து உட்கார்ந்து ஜட்ஜின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "இருட்டுதானே? நான் இருந்தா கெட்டுடாது," என்றார்.

இந்த முறை லென்ஸ் கண்ணின் மேலேயே உட்கார்ந்தது. மிக மங்கலான ஒரு மின்னல். பிறகு கொஞ்சம் வலுவாக ஒன்று.

"சொல்லுங்க," என்றார் வாத்தியார்.

அவருடைய உள்ளங்கையை விரித்து, திரையில் எழுந்த அலையை அதில் விரலால் வரைந்து காட்டினேன்: கொஞ்சம் சமதரை, ஒரு சின்னப் பள்ளம், அங்கிருந்து செங்குத்தாக ஒரு மலை.

"மலை எவ்வளவு உசரம்?"

"ரெண்டு கண்ணுலயும் இவன் வயசுக்கு இருக்க வேண்டிய உசரம் சார். நோயோட சாயலே இல்லை."

அவர் விரல்களை மடக்கி அந்த மலையைக் கைக்குள் வைத்துக்கொண்டார். மனைவி இருட்டிலேயே மூக்கை உறிஞ்சினாள். கேட்டால் குதிரை முடி ஒவ்வாமை என்பாள்.

பயிற்சி நிலையத்துக்குச் சான்றிதழ் எழுதி முடிப்பதற்குள் ஜட்ஜ் எழுந்து நின்றது. ஆனால் மயக்கத்தில் கால்கள் நாலும் நாலு திசைக்குப் போயின. சொட்டு மருந்தில் கண்மணிகள் விரிந்திருந்ததால் ஜன்னல் வெளிச்சத்துக்கே முகத்தைச் சுளித்தது.

"சாயங்காலம் வரைக்கும் இவன் யாருக்கும் வழிகாட்டக் கூடாது," என்றாள் மனைவி. "வண்டி வரைக்கும் இவர் உங்களைக் கொண்டுவந்து விடுவார்."

"வேண்டாம் டாக்டர்." வாத்தியார் பையிலிருந்து மடக்குக் குச்சியை எடுத்து உதறி நீட்டினார். இன்னொரு கையால் கழுத்துவாரைப் பிடித்தார். குச்சியால் தரையைத் தட்டியபடி லிஃப்டை நோக்கி நடந்தார். ஜட்ஜ் தள்ளாடிக்கொண்டு அவர் முழங்காலோடு ஒட்டி நடந்தது.

"இடது பக்கம் நாற்காலி இருக்குடா," என்று சொல்லிக்கொண்டே போனார். "பார்த்து வா."