ஆவுடைத்தாய்க்குத் துட்டி

எண்பத்து நாலில், கோவில்பட்டி மைக்செட் சங்கத்தில் என்மேல் ஒரு பிராது வந்தது. கொடுத்தவள் புதூர்ப் பக்கத்து ஆவுடைத்தாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் மகள் சீனித்தாய் பாம்பு கடித்துச் செத்தபோது அங்கே மைக் கட்டப் போனவன் நான். ஆவுடைத்தாய் தானாகக் கட்டி அழுத ஒப்பாரியை டேப்பில் பிடித்துக்கொண்டேன். அப்படியொரு அழுகை! அதற்குப் பிறகு சாவு விழுந்த எந்தத் துட்டி வீட்டில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினாலும் அந்தக் கேசட்தான். ஒப்பாரிக்குப் போய் யாராவது உரிமை கேட்பார்களா?

சங்கத் தலைவர் அப்துல் ரவூப் அண்ணாச்சி பொறுமைசாலி. "ஏலே வேல்சாமி, சினிமாப் பாட்டு எழுதுனவனுக்குப் பங்கு உண்டுன்னா இவியளுக்கும் உண்டுதானலே. ஒரு தடவ போட்டா அஞ்சு ரூவா குடுத்துரு" என்றார்.

ஒழியட்டும் என்று தலையாட்டினேன். ஆவுடைத்தாய் ஆட்டவில்லை.

"துட்டு யாருக்கு வேணும்? எத்தன வீட்டுல போட்டீரு?"

"நாப்பது இருக்கும்."

"நாப்பது வீட்டுலயும் எம்மவ பேரச் சொல்லித்தான அழுதிருக்கு? நாப்பது தடவ செத்திருக்கா. பெத்தவளுக்கு ஒருக்காவாது துட்டி சொல்லி விட்டீரா?"

இனி அதைப் போடும்போதெல்லாம் நானே நேரில் போய் அவளுக்குச் சாவுச் சேதி சொல்ல வேண்டும் என்று தீர்ப்பானது. காசு மிச்சம் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். முட்டாள் நான்.

மறுவாரமே ஒரு சாவு. கேசட் போடுமுன் சைக்கிளில் போனேன். அவள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வன்னியபெருமாள் தாத்தா தவறிட்டாரு" என்றேன்.

"அது யாரு? எம்மவ பேரச் சொல்லும்."

"சீனித்தாய் தவறிட்டாம்மா."

மடியிலிருந்த பருத்தி சிதற, நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். நடிப்பில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். "காலையில நல்லாத்தானய்யா இருந்தா" என்று என் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். சீனித்தாயைக் கொன்றவன் நான்தான் என்று தோன்றியது.

கேசட்டை அன்றே எரித்தேன். ஆனால் அதற்குள் மற்ற மைக்செட்காரர்களுக்கு நான் பிரதி எடுத்து விற்றது எத்தனையோ. எட்டயபுரம் வரைக்கும் போயிருந்தது. எங்கேயாவது குழாயில் அந்தப் பெயர் கேட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டுச் சைக்கிளை எடுக்கிறேன். போகாவிட்டால் அந்தப் பிள்ளை நாதியற்றுச் செத்ததாக ஆகிவிடுமே!

போய்ச் சொல்கிறேன். "எப்பய்யா?" என்கிறாள்.

"இப்பத்தாம்மா" என்கிறேன்.