எதிர் வீட்டு ஆராய்ச்சி

"எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவுதுன்னு எவன்டா ஒனக்குச் சொன்னான்?"

கார்குழலி மீன் கூடையை இறக்கிவைக்காமலே கத்தினாள். வைத்திக்குப்பத்தில் காலை வியாபாரம் முடிந்து வந்தவள், தன் வீட்டுக்குள் நுழையாமல் எதிர் வீட்டு நெடுமாறன் வாசலில் நின்றுவிட்டாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அதற்குப் பிறகு துணி ஞாபகமே இல்லை.

விஷயம் இதுதான். படிப்பை நிறுத்திய பெண்களை ஒரு டிரஸ்ட் சாயங்காலம் வேனில் கூட்டிப்போய்ப் பத்தாவது பரீட்சைக்குத் தயார் செய்துவந்தது. கார்குழலியின் மகள் கவிநிலாவும் போனாள். பரீட்சை நெருங்கும் நேரத்தில் வேன் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் பள்ளியை விட்ட பெண்ணே கிடையாது என்று, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் நெடுமாறன் டிரஸ்ட்டுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தானாம்.

"நானா சொல்லலக்கா. போன வருஷ சர்வேல இருக்குது. அடுத்தவங்க எடுத்த கணக்க வச்சு எழுதறது, செகண்டரி டேட்டான்னு பேரு."

"காலைல ஒனக்கு மீன் ஆஞ்சு குடுக்கறது யாருடா? பள்ளிக்கூட நேரத்துல?"

"பாத்திருக்கேன்க்கா. நேர்ல பாத்தத எழுதுனா அது வேற ஆராய்ச்சி. என்னுது அது இல்ல."

பல்லிடுக்கில் மாட்டிய முள்ளை நோண்டிக்கொண்டே சொன்னான்.

அவன் அம்மா சுலோசனா வெளியே வந்தாள்.

"சர்வேக்காரங்க வந்தப்ப நீங்கல்லாம் யாவாரத்துக்குப் போயிட்டீங்க. வூடெல்லாம் பூட்டியிருந்துச்சு. நாந்தான் எல்லாருக்கும் பதில் சொன்னேன். எல்லா வூட்லயும் ஃபிரிட்ஜ் இருக்குது, எல்லாப் பொண்ணும் படிக்குதுன்னேன். நம்ம தெருவ நானே கேவலமா சொல்லுவனா?"

பெருமையாகத்தான் சொன்னாள். கார்குழலி கூடையை இறக்கிவைத்தாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. மாத்தி எழுதிக் குடு தம்பி. வேன் வரட்டும்."

அவள் குரல் இறங்கியதைக் கேட்க எனக்கே கூசியது. அவனோ, "அச்சுக்குப் போயிடுச்சுக்கா. இப்ப மாத்துனா எம் பேருதான் கெட்டுப்போவும்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

வேன் வரவில்லை. கவிநிலா பரீட்சை எழுதவில்லை. பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு அட்டைப்பெட்டி ஒட்டப் போனாள். பதினெட்டு முடிந்த கையோடு கனகசெட்டிக்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி என்கிறார்கள். நான் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை. நெடுமாறன் காரைக்காலில் பெண் எடுத்து, வேலை கிடைத்த ஐதராபாத்துக்குக் குடிபோய்விட்டான். சுலோசனாவும் கூடவே போய்விட்டாள்.