ஒரே ஒரு சிவப்பு

பயிற்சி ஆசிரியை ஒருத்தி இருந்தாள். பிள்ளைகள் அவளைச் சின்ன டீச்சர் என்றார்கள்; நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்டி, அதைப் பார்க்க வருகிற கல்லூரிப் பேராசிரியர் தலையசைத்தால்தான் அவள் உண்மையான டீச்சர். போன வருடம் அவர் தலை அசையவில்லை. இந்தத் தடவையும் அசையாவிட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. அண்ணனுடைய செருப்புக் கடையில் உட்கார வேண்டியதுதான். அண்ணன் இப்போதே ஒரு முக்காலியைத் துடைத்து வைத்திருந்தான்.

அந்தப் பேராசிரியருக்கு மாணவிகள் வைத்த பெயர் பூட்டு சார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். போன வருடம் பாடம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பிள்ளைகளுக்குப் புரிந்ததா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்? அவள் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள். அதற்கும் தெரியவில்லை.

அதனால் இந்த வருடம் கருவியோடு போனாள். கல்லூரியில் இரவல் வாங்கிய பெட்டி நிறையக் குட்டி ரிமோட்டுகள். பிள்ளைக்கு ஒன்று. புரிந்தால் பச்சைப் பொத்தான், புரியாவிட்டால் சிவப்பு. அழுத்தினால் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்த நிறத்தில் ஒரு கட்டம் விழும். யாருடைய கட்டம் என்பது அவள் லேப்டாப்பில் மட்டும் தெரியும்.

ஒத்திகையில் சுவர் நன்றாகவே சிவந்தது. பிள்ளைகள் புரியாததை ஒளிக்கவில்லை என்று அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், நாளைக்கு ஒரு சார் வருவார், எனக்குப் பரீட்சை, எப்போதும் போல இருங்கள் என்று சொல்லிவிட்டாள். அங்கேதான் கண்ணுகளா, காரியம் கெட்டது. பிள்ளைகளுக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம். ரெட்டைச்சடைக்காரி ஒருத்தி சாப்பாட்டு இடைவேளையில் கூட்டம் போட்டாள். நாளைக்கு எவனாவது சிவப்பை அழுத்தினால் தொலைந்தான் என்று தீர்மானமாயிற்று.

மறுநாள் காய்ச்சலில் வராத ஒரு பிள்ளையின் ரிமோட் மிஞ்சியது. மரியாதைக்கு அதைப் பூட்டு சாரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாடம், பின்னத்தால் வகுத்தல். தலைப்பை எழுதி முடிப்பதற்குள் சுவர் முழுக்கப் பச்சை. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றாள்.

"எங்களுக்குப் புரிஞ்சிருச்சு டீச்சர்," என்றாள் ரெட்டைச்சடைக்காரி.

சின்ன டீச்சர் வேறு வழியில்லாமல் பாடத்தைத் தொடர்ந்தாள். இரண்டை அரையால் வகுத்தால் நான்கு. பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கிக் காட்டினாள். பச்சைக்கு நடுவே ஒரு கட்டம் சிவப்பானது.

வகுப்பு மொத்தமும் துரோகியைத் தேடித் திரும்பியது. சந்தேகம் வழக்கம் போல ஒல்லிப்பையன் ஒருவன் மேல் விழுந்தது. "நான் இல்லடா. வேணும்னா என் கட்டைவிரல முகர்ந்து பாரு," என்றான் அவன். ஒருவன் முகர்ந்தும் பார்த்தான்.

சின்ன டீச்சர் லேப்டாப்பைப் பார்த்தாள். காய்ச்சல் பிள்ளையின் எண். கடைசி பெஞ்சில் பூட்டு சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிமோட் கோளாறு என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கலாம். முழுப் பச்சைச் சுவரோடு பாடம் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சுவரில் அவள் நம்பக்கூடியதாக இருந்தது அந்த ஒரு கட்டம்தான். யாரையும் பார்க்காமல், வகுத்தால் குறைய வேண்டியது எப்படிக் கூடும் என்று யாருக்கோ குழப்பம் போலிருக்கிறது, நியாயமான குழப்பம்தான் என்றாள். சுவரின் ஓரத்தில் வட்டம் வட்டமாகப் படம் காட்டினாள். சிவப்பு அசையவில்லை.

படத்தை நிறுத்தினாள். இரண்டு தண்ணீர் பாட்டில்களை மேசையில் வைத்தாள். பாட்டிலில் பாதி பிடிக்கிற டம்ளர் ஒன்று இருந்தது. இரண்டு பாட்டிலில் இதுபோல எத்தனை டம்ளர் கிடைக்கும், ஊற்றுவதற்கு முன் சொல்லுங்கள் என்றாள். ஒன்று என்றார்கள், இரண்டு என்றார்கள், சண்டை போட்டார்கள். சண்டையில் கூட்டத் தீர்மானம் மறந்துபோயிற்று. சுவர் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. ரெட்டைச்சடைக்காரியின் கட்டமும் சேர்த்து.

சின்ன டீச்சர் ஊற்றினாள். டம்ளர் ஒன்றுதான் என்பதால் ஊற்ற ஊற்ற ஒருவர் குடிக்க வேண்டியிருந்தது. நான்காவது டம்ளரை ஒல்லிப்பையன் குடிக்கும்போது பூட்டு சார் பெஞ்சைவிட்டு எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். பச்சைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. காய்ச்சல் பிள்ளையின் பச்சை கடைசிக்கு முந்தியதாக வந்தது.

டம்ளர் இன்னும் சின்னதாக, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்று ரெட்டைச்சடைக்காரி கேட்டாள். மணி அடித்துவிட்டது.

வகுப்பு காலியானதும் பூட்டு சார் முன்னால் வந்தார். கருவியைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றியதால், தொழில்நுட்பப் பயன்பாட்டில் மதிப்பெண் குறைத்திருப்பதாகச் சொன்னார். சரி சார் என்றாள். செருப்புக் கடை முக்காலி கண்முன் வந்து நின்றது.

"ஆனா பாஸ்தான்மா. போன வருஷம் கேட்ட கேள்விய இந்த வருஷம் கேக்க வேண்டியதில்ல."

அவள் ரிமோட்டுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அவர் போகவில்லை. கையில் இருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த மூணுல ஒரு பங்கு. அந்தப் பொண்ணு கேட்டாளே."

"ஊத்திக் காட்டணும் சார். ஆனா தண்ணி தீர்ந்துபோச்சு."

"குழாய் எங்க இருக்கு?" என்று கேட்டு, இரண்டு பாட்டிலையும் அவரே எடுத்துக்கொண்டு நடந்தார்.