பொட்டலத்தின் மேல் மூன்று வரி

அரக்குக் குச்சியை மெழுகுவத்திச் சுடரில் காட்டியபடி டாக்னி அடுக்களை மேசையில் உட்கார்ந்திருந்தாள். நூல் முடிச்சின் மேல் ஒரு சொட்டு சிவப்பாக விழுந்து, பளபளத்து, மங்கியது. இதுதான் கடைசிப் பொட்டலம். மற்றவை எல்லாம் மேலே பாட்டு எழுதப்பட்டுக் கூடைக்குள் போய்விட்டன. இது அப்பாவுக்கு. உள்ளே அக்கா மாரித் பின்னிய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி, நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி. பாட்டுதான் வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கே ஜன்னல் இருட்டத் தொடங்கியிருந்தது. அடுப்பில் உப்புப் பன்றித்தொடை வெந்துகொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் எல்லோரும் அந்தத் தண்ணீரில் ரொட்டியை முக்கித் தின்பார்கள். அதன் பிறகு பொட்டலங்கள்.

பாட்டில்லாத கிறிஸ்துமஸ் பொட்டலம் அந்த வீட்டில் கிடையாது. உள்ளே இருப்பதன் பெயரைச் சொல்லாமல் அதைப் பற்றி எழுத வேண்டும். வாங்குகிறவர் ஊகிக்க வேண்டும். எழுதினவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் அரக்கை உடைக்கலாம். ஆற்றின் இரண்டு கரையிலும் இதில் அல்காட்டை மிஞ்ச ஆளில்லை. டாக்னியின் அப்பா அல்காட், கயிற்றைப் பிடித்து இழுத்தே அக்கரைக்குப் போகும் படகின் படகுக்காரர். டிசம்பர் பிறந்தால் பாதி ஊர் அவரிடம் வந்து, எங்க மாமியாருக்குச் சீப்பு, எங்க பையனுக்குப் பனிச்சறுக்குக் கட்டை என்று காதில் சொல்லிவிட்டுப் போகும். கயிறு இழுக்கிற தாளத்திலேயே அவருக்கு வரிகள் வரும், கடைசி எழுத்துகள் கணீரென்று ஒத்துப்போகும். ஊகிப்பதில் அவருக்கு வேறு ஒரு வழக்கம். கையில் வாங்கியதுமே என்னவென்று தெரிந்துவிடும், ஆனாலும் முதலில் தப்பாகத்தான் சொல்வார். சாக்ஸ் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, குதிரையா என்று கேட்பார்.

அக்டோபரில் ஒரு காலை அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கிணற்றிலிருந்து இறைத்த மாதிரி வந்தது. இந்த வருஷம் பாட்டு எல்லாம் நீதான் என்று மாரித் ஸ்டாக்ஹோமுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

டாக்னி ஸ்டாக்ஹோமில் தந்தி ஆபீசில் வேலை பார்த்தாள். சாவையும் கல்யாணத்தையும் ஏழெட்டுச் சொல்லில் அடக்குகிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, அவளுடைய கவிதைகளும் அப்படி ஆகியிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு புத்தகம் வந்தது. எதுகை இல்லை, தாளம் இல்லை. யாரோ மாடியிலிருந்து விறகைக் கொட்டுகிற சத்தம் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். வேறொன்றில் புதிய காலத்தின் குரல் என்றார்கள். இரண்டும் அவளைத் தொடவில்லை. முதல் பிரதியை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். அது இந்த வீட்டு அலமாரியில், பிரார்த்தனைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்றது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு முறை ஊருக்கு வந்து போய்விட்டாள், நாலு முறையும் சொல்லவில்லை. படித்தாரா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இனி கேட்டாலும் பதில் சொல்ல அவருக்கு வருமோ வராதோ என்பது இப்போது புதிதாகச் சேர்ந்துகொண்ட பயம்.

எதுகை அவளுக்கு வராமல் இல்லை. யோயல் அத்தானின் சவரக் கத்திக்கும், மாரித்தின் காப்பி அரைக்கும் மில்லுக்கும் காலையில் கால் மணி நேரத்தில் எழுதிவிட்டாள். அவ்வளவு சுலபமாக வந்தது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் கையுறைக்கு எழுத உட்கார்ந்தால், கை என்று தொடங்கியதும் அவர்கள் மொழியில் அதற்கு ஒத்து ஒலிக்கும் 'கரை' தானாக வந்து நின்றது. அவளுடைய பதினேழாவது வயதில் அம்மா இறந்தபோது, மலர்வளையத்து வெள்ளை நாடாவில் அச்சடிக்க அப்பா எழுதியதும் அதே கை, அதே கரை. கல்லறை ஓரத்தில் ஒவ்வொரு வளையத்தின் நாடாவையும் உரக்கப் படித்தார்கள். பாதி நாடாக்களில் கையும் கரையும் இருந்தன. அம்மாவின் கை, யாருக்கும் பொருந்துகிற ஒரு கையாகிப் போனதை அன்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுகை வைத்து எழுதவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னதுமில்லை. எதுகையில்லாத அந்தப் புத்தகத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்ற கேள்விதான் அந்த அலமாரியில் இரண்டு வருஷமாக நின்றது.

மெழுகுவத்தி குட்டையாகிவிட்டது. அவள் பேனாவை முக்கி, அடிக்காமல் திருத்தாமல் எழுதினாள்.

நால்வர் ஒரே அறையில்.
சுவருக்கு அப்பால் ஒருவன் தனியே.
வெளியே ஆறு உறைகிறது.

மாரித் கரண்டியோடு வந்து தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"இது என்னடி?"

"அப்பாவோடது."

"எதுகை எங்க?"

டாக்னி மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

மாரித் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்து அறையில் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். "கையும் போச்சு, வாயும் பாதி போச்சு அவருக்கு. இன்னிக்கு ஒரு நாளாவது அவர் வழக்கப்படி நடக்கட்டும்னுதான் உன்னக் கேட்டேன். உன் ஸ்டாக்ஹோம் வித்தைய இங்க வந்துதான் காட்டணுமா?"

வேற எழுதினா பொய்யா இருக்கும்க்கா என்று டாக்னி மெதுவாகச் சொன்னாள். பொய்யா இருந்தா என்ன, காதுக்கு நல்லா இருக்கும் என்றாள் மாரித். பிறகு பொட்டலத்தை எடுத்துக் கூடைக்கு அடியில், எல்லாவற்றுக்கும் கீழே வைத்தாள்.

ஐந்து மணிக்கு யோயல் ஆட்டுத்தோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அட்டை முகமூடியும் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் கதவைத் தட்டினான். இந்த வீட்ல நல்லபடியா நடந்துக்கிட்டவங்க யாராவது உண்டா என்று அடிக்குரலில் கேட்டான். யோயலோட பெஞ்சாதி என்னைத் தவிர எல்லாரும் என்று மாரித் சொன்னாள். அவனுக்கே எழுதிய சவரக் கத்திப் பாட்டை அவனே படித்து, அவனே ஊகிக்க முடியாமல் திணறினான். மாரித் காப்பி மில்லைச் சரியாகச் சொன்னாள். அப்பா இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டித் தாளம் போட்டார். அவர் பாதி முகத்தால் சிரிப்பதை டாக்னி பார்த்தாள். மாரித் சொன்னது சரிதான் என்று தோன்றியது. கடைசிப் பொட்டலத்தை எப்படியாவது ஒளித்துவிடலாமா என்றும் தோன்றியது.

யோயல் அதை எடுத்துப் படித்தான். அடுத்த வரிக்காகப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அவ்வளவுதானா? ஸ்டாக்ஹோம்ல எதுகைக்குத் தட்டுப்பாடு போல."

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் தாளம் நின்றுவிட்டது. இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார். யோயல் இந்த முறை நிதானமாகப் படித்தான். பொட்டலத்தை அவர் மடியில் வைத்தார்கள். இடது கையால் அதைத் தூக்கி, எடை பார்த்து, காதருகே வைத்துக் கேட்டார்.

"குதிரையா?"

டாக்னி தலையை ஆட்டினாள். "இல்லப்பா."

"அடுப்பா?"

"இல்ல."

மூன்றாவது எப்போதும் சரியாக இருக்கும். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஏதோ ஒன்றுக்காக முயன்று விட்டுவிட்டு, மறுபடி முயன்றது.

"உன் புஸ்தகத்துல... ஒண்ணு. கோடை பூரா நனைஞ்சுது... குளிருக்குச் சுருண்டு கெடக்கு. தலை மட்டும்... எதிர்க்கரையப் பாத்து." மூச்சு வாங்கினார். "அது... படகுக் கயிறா?"

அந்தக் கவிதைக்கு என்ன அர்த்தம் என்று ஸ்டாக்ஹோமில் பலபேர் கேட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கடைசிக் குளிர்காலத்தில் கட்டிலில் சுருண்டு, தான் பிறந்த வீடு இருக்கும் அக்கரையைப் பார்த்து முகம் திருப்பிக் கிடந்த அம்மாவை நினைத்துத்தான் அவள் அதை எழுதினாள். ஆனால் இப்போது மனதுக்குள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தாள். கயிறும் பொருந்தியது. குளிர் வந்ததும் அப்பா கொட்டகையில் சுருட்டி வைக்கிற கயிறு, ஒரு வரியிலும் இடிக்கவில்லை.

"மொதல்ல... உங்கம்மான்னு நெனச்சேன்," என்றார் அவர். "அப்பறம் கயிறுன்னு. ரெண்டு வருஷமா... மாத்தி மாத்தி. தெரியாம... என்னன்னு பேசறது உங்கிட்ட?"

மாரித் காப்பிப் பாத்திரத்தைச் சாய்த்தபடி ஊற்றாமல் நின்றாள். யோயல் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான்.

"சொல்லு. எது சரி?"

டாக்னி எழுந்து வந்து அவர் காலடியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். பொட்டலம் அவர் மடியில் பிரிக்கப்படாமல் இருந்தது. பக்கத்தில், போர்வை மேல், வலது கை தனியே கிடந்தது. அவள் "சரி" என்று சொல்லக் காத்து, இடது கையின் கட்டைவிரலை அவர் சிவப்பு அரக்கின் மேல் அழுத்தாமல் வைத்திருந்தார்.