திட்டாத மனைவியும் மூன்று மாத விடுப்பும்

1

இந்தக் கதை நானாக எழுத நினைத்ததல்ல, என்னிடம் கேட்டு வாங்கிய கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக நடத்தும் பத்திரிகையிலிருந்து ரோடரிக் என்பவர் போன் செய்தார். வேலையிலிருந்து கொஞ்ச நாள் விலகி, தன்னைத்தானே திரும்பிப் பார்ப்பதன் அருமை பற்றி ஒரு சிறுகதை வேண்டுமாம்.

"கடைசில அவங்க புத்துணர்ச்சியோட வேலைக்குத் திரும்பணும் மேடம். அது மட்டும் முக்கியம்."

"திரும்பலேன்னா?"

சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்டதாக நினைத்துவிட்டார்.

என் அக்கா வீட்ஸ்கே அப்படி ஒரு விடுப்பு எடுத்தவள். அதனால் ஒப்புக்கொண்டேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஏரிமேல் மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. வீட்ஸ்கே ஆழமாக மூச்சை இழுத்து…"

வேண்டாம். சிகரெட் இல்லாமல் என் அக்கா ஆழமாக மூச்சை இழுத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: "ஐம்பது வயதில் தன்னைத் தொலைத்துவிட்டதை உணர்ந்த வீட்ஸ்கே, தன்னைத் தேடி…"

தொலைவதற்கு அவள் என்ன சாவிக்கொத்தா? அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ஒரு ஆள் போன் செய்தார்.

இது இருக்கட்டும்.

3

வீட்ஸ்கே வட நெதர்லாந்தில் ஓர் அவசர அழைப்பு நிலையத்தில் ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போன்களை எடுப்பவள். (ஊர் பெயர் சொல்ல மாட்டேன். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.) எதிரே ஒரு திரை. அதில் கேள்விகள் வரிசையாக வரும். பதிலைத் தட்டினால் அடுத்த கேள்வி. வண்டி அலறிக்கொண்டு ஓட வேண்டுமா, சாதாரணமாகப் போனால் போதுமா என்று கடைசியில் திரையே சொல்லிவிடும்.

அன்றைக்குப் பேசியவர் ஹூக்கமா என்ற பெரியவர்.

"என் சம்சாரத்துக்கு வயிறு சரியில்ல. உங்களத் தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்."

"அதெல்லாம் இல்லைங்க. முழிச்சிருக்காங்களா?"

"முழிச்சுத்தான் இருக்கா. தினமும் ரொட்டிய தடிமனா வெட்டிட்டேன்னு திட்டுவா. இன்னிக்குத் திட்டல."

"சரிங்க. வலி எந்தப் பக்கம்?"

திரை, சாதாரணமாகப் போனால் போதும் என்றது. வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் இறந்திருந்தார்.

நிலையத்தில் அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். எல்லாக் கேள்விகளும் கேட்கப்பட்டிருந்தன. வரிசை சரி. "குரலில் பாராட்டத்தக்க நிதானம்" என்று அறிக்கையில் எழுதினார்கள். [பாராட்டு என்ற சொல்லை நான் சேர்க்கவில்லை. அறிக்கையிலேயே இருக்கிறது.]

4

மேலாளர் பெயர் அனமீக். அக்காவைவிட வயதில் சிறியவள்.

"மூணு மாசம் லீவு வேணும். சம்பளம் வேணாம்."

"உடம்பு முடியலையா வீட்ஸ்கே? தூக்கம் வருதா?"

"நல்லா வருது."

"திடீர் திடீர்னு அழுகை வருதா?"

"இல்ல."

"அப்போ எந்தத் தலைப்புல லீவு போடறது? மன உளைச்சல்னு சொல்லு, சம்பளத்தோட இன்னிக்கே தர்றேன்."

"எனக்கு நோய் ஒண்ணும் இல்ல அனமீக். யோசிக்கணும். அந்தாளு சொன்னது என் காதுல விழுந்துச்சு. விழுந்தும் நான் கேக்கல. எப்பலேர்ந்து இப்படி ஆனேன்னு எனக்குத் தெரியணும்."

"உன் மேல தப்பில்லன்னு அறிக்கையே வந்தாச்சே!"

"தப்பப் பத்தி யாரு கேட்டா?"

இந்த இடத்தில்தான் எனக்குக் கொதிக்கிறது. மனுஷி உடைந்து விழுந்தால் லீவு உண்டு, மருத்துவர் உண்டு, பூங்கொத்துகூட வரும். உடையாமல் நின்று "ஒரு நிமிஷம், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?" என்று கேட்பவளுக்கு ஒரு தலைப்புகூடக் கிடையாது. யோசிக்க வேண்டும் என்றால் முதலில் நோயாளியாகக் கையெழுத்துப் போடு! அப்புறம் அவள் என்ன யோசித்துச் சொன்னாலும் அது நோயாளியின் புலம்பல், இல்லையா?

(அனமீக்கை ஓர் அரக்கியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. ஆள் போதாமல் அவளே ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறாள். என் கோபத்துக்கு அவள் பத்தவில்லை.)

அக்கா அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதன் பிறகுதான் லீவு கிடைத்தது. ஒரு நிபந்தனை: வாரம் ஒருமுறை பயிற்சியாளர் ஒருவர் போன் செய்து நலம் விசாரிப்பார்.

5

இனி ரோடரிக்குக்குப் பிடித்த பகுதி வர வேண்டும். மழை, நடைப்பயணம், மெழுகுவர்த்தி, ஞானம்.

நடந்தது வேறு. அக்கா முதலில் வீட்டில் இருந்த அத்தனை அலமாரிகளையும் கவிழ்த்துத் துடைத்தாள். பிறகு வாய்க்கால் ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். எதிர்வீட்டு மின்னே நாயோடு வந்து நின்றார்.

"லீவாமே? உடம்புக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன். யோசிக்கிறேன்."

"நாங்கள்லாம் அத சைக்கிள் மிதிக்கும்போதே முடிச்சிடுறோம்."

பயிற்சியாளர் போன் செய்தார். "ஒன்றிலிருந்து பத்துக்குள்ள உங்க உற்சாகத்துக்கு எவ்வளவு கொடுப்பீங்க?" அக்கா, "உங்க முன்னாடியும் ஒரு திரை இருக்கா?" என்று கேட்டாள். அவர் இருமினார். அக்கா வைத்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் அத்தான் டௌவே பட்டறையில் விரலை நசுக்கிக்கொண்டு வந்தார். "வலி எப்ப ஆரம்பிச்சுது? எந்தப் பக்கம்?" என்று அக்கா கேட்டாள். அவர் கையை உதறிக்கொண்டு கத்தினார்.

"அடியே, நான் உன் புருஷன்! போன் பண்ணுன ஆளு இல்ல! 'ஐயோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லேன்!"

அக்கா என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"நான் வேலைல அப்படிப் பேசறேன்னு நெனச்சிட்டிருந்தேன்டி. எல்லா எடத்துலயும் அப்படித்தான் பேசறேன்."

இது எத்தனையாவது வாரம் என்று தெரியாது. வேலையில் இருந்திருந்தால் இந்த வாக்கியம் வந்திருக்காது என்பது மட்டும் தெரியும். அடுத்த போன் வந்திருக்கும்.

மறுநாள் ஹூக்கமாவின் வீட்டுக்குப் போனாள். விதிப்படி போகக்கூடாது. நானும் தடுத்தேன். "அடிச்சாலும் அடிப்பாருக்கா." கேட்கவில்லை. வாசலில் நின்று, "அன்னிக்கு போன எடுத்தது நான்தாங்க," என்று சொன்னாளாம்.

அவர் அடிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். தட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட். தன் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டே பேசினார்.

"நீங்க அவ்வளவு அமைதியாப் பேசுனீங்களா, அதனால ஒண்ணும் இருக்காதுன்னு நானும் அமைதியாயிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கார் இருக்கு. அவனக் கூப்பிடலாமான்னு இருந்தேன். உங்க குரலக் கேட்டு விட்டுட்டேன்."

குறை சொல்லவில்லை. நன்றி சொல்வதுபோலச் சொன்னாராம்.

[இந்த இடத்தில் அக்கா என்ன உணர்ந்தாள் என்று ஒரு பத்தி எழுதினேன். நான்கு முறை எழுதினேன். நான்கும் பொய். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பிஸ்கட்ட முழுங்க முடியல."]

6

முடிவுகள்.

ரோடரிக்கின் முடிவு: வீட்ஸ்கே புன்னகையோடு பணிக்குத் திரும்பினாள். சக ஊழியர்கள் கேக் வாங்கி வைத்திருந்தார்கள்.

(கேக் உண்மை. அதனால்தான் இந்த முடிவு எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது.)

என் நண்பர்கள் விரும்பும் முடிவு: வேலையை உதறிவிட்டு ஆடு வளர்க்கப் போனாள். அக்காவுக்கு ஆடு பிடிக்காது.

நடந்தது: திரும்பிப் போனாள். கேக்கைச் சாப்பிட்டாள். அனமீக்கிடம் போய், கேள்விகளின் வரிசைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்றாள்: இன்றைக்கு அவரிடம் எது வழக்கம்போல இல்லை?

"நல்ல யோசனைதான். ஆனா அழைப்பு நேரம் கூடும். மேல அனுப்பறேன்."

மேலே போன எதுவும் கீழே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவும் கேள்விப்பட்டதில்லை போலும். நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு வந்த ஒவ்வொரு போனிலும் முதலில் அதையே கேட்டாள். மறுநாளும் கேட்டாள். அழைப்பு நேரம் கூடியதால் திரை சிவப்புக் காட்டியது. இப்போது விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள்; விசாரிக்கப்போவது அனமீக்.

ஓய்வு எடுத்தவர்கள் பழையபடி திரும்பி வருவார்கள். அதற்குத்தான் நிறுவனங்கள் பூங்காவும் பயிற்சியாளரும் வைத்திருக்கின்றன. யோசித்துவிட்டு வருகிறவள் பழையபடி வர மாட்டாள். அவளை எங்கே உட்கார வைப்பது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. யோசிக்க அவர்களுக்கு லீவு இல்லை!

நேற்று ரோடரிக் கேட்டார், "முடிவு தயாரா மேடம்?"

"வியாழக்கிழமைதான் விசாரணை."

"நிஜத்துக்காக ஏன் காத்திருக்கணும்? நீங்களே ஒண்ணு எழுதிடுங்களேன்."

எழுத மாட்டேன். நான் நல்லபடியாக முடித்துக் கொடுத்தால், வாசித்தவர்கள் நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அக்காவின் குரலைக் கேட்டு ஹூக்கமா நிம்மதியானதுபோல.

ஆகவே அனமீக்கை எழுந்துபோகச் சொல்கிறேன். பாவம், போய்த் தூங்கட்டும். மேசைக்குப் பின்னால் இருக்கும் அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஆள் பற்றாக்குறை உங்களுக்கும் உண்டு. அழைப்பு நேரம் கூடினால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். கதவு திறக்கிறது. சிகரெட் வாசனையோடு என் அக்கா வந்து எதிரே உட்காருகிறாள்.

சொல்லுங்கள், அவளிடம் என்ன கேட்கப்போகிறீர்கள்?